பவர் வீடர் மக்கர் செய்கிறதா? மண்ணில் தொடங்கி மெக்கானிக் வரை

வேலூர் மாவட்டத்து அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கத்தில் இப்போது ஊருக்கு நாலு பேரிடமாவது பவர் வீடர் (சுழலும் கத்தியால் மண்ணைக் கிளறிக் களை எடுக்கும், பின்னால் நடந்தபடி ஓட்டும் சின்ன வண்டி) இருக்கிறது. என்னிடம் இருப்பது 7 எச்.பி. பெட்ரோல் வண்டி. நான் மெக்கானிக் இல்லை. என் வண்டியையும் அக்கம்பக்கத்துக் கொல்லைகளில் நின்றுபோன வண்டிகளையும் ஆறு வருடமாக நோண்டிப் பார்த்த அனுபவம்தான். அதில் தெரிந்துகொண்டது ஒன்று: "வண்டி ரிப்பேர்" என்று என்னைக் கூப்பிட்டவர்களில் பாதிப் பேருக்கு மேல் வண்டியில் ரிப்பேரே இல்லை. மண் பதமாக இருக்காது, இல்லாவிட்டால் கத்தி திருப்பி மாட்டியிருக்கும், அதுவும் இல்லாவிட்டால் ஆழத்தை வைக்கும் பின்கம்பி தப்பான துளையில் இருக்கும். அதனால் கீழே எழுதியிருப்பதில் ஸ்பானர் எடுப்பதற்கு முன்னால் மண்ணைப் பார்க்கச் சொல்வது அடிக்கடி வரும்.

உங்கள் வண்டி என்ன செய்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத சோதனை முதலில், செலவு வைக்கும் சந்தேகம் கடைசியில் இருக்கும்.

எதைத் தொடுவதற்கும் முன்னால்

இன்ஜினை நிறுத்துங்கள். பெட்ரோல் வண்டி என்றால் ஸ்பார்க் பிளக்கின் ரப்பர் கேப்பைப் பிடுங்கித் தள்ளி வையுங்கள். டீசல் என்றால் நிறுத்திய பிறகு கியரை நியூட்ரலில் போட்டு, கத்தி நின்றுவிட்டதா என்று கண்ணால் பார்த்த பிறகே குனியுங்கள். புல்லை இழுக்கிறேன் என்று ஓடுகிற வண்டியில் கை வைத்து விரலை இழந்தவரை எனக்குத் தெரியும். ரிவர்ஸ் கியரில் இன்னும் கவனம் வேண்டும். பின்னால் மரமோ சுவரோ இருந்தால் நீங்கள் நடுவில் மாட்டிக்கொள்வீர்கள், கத்தி உங்கள் கால் பக்கம் வரும். செருப்போடு ஓட்ட வேண்டாம், ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.

1. வண்டி குதிக்கிறது, முன்னால் ஓடுகிறது, மண்ணில் இறங்கவில்லை

எனக்கு அதிகமாக வரும் புகார் இதுதான். "இன்னாண்ணா, எகிறி எகிறி ஓடுது" என்று போன் வந்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும்.

*முதலில் மண்.* பத்து சென்டிமீட்டர் தோண்டி ஒரு கைப்பிடி மண் எடுத்து உருண்டை பிடித்துப் பாருங்கள். பிறகு கட்டை விரலால் அழுத்துங்கள்.

- உருண்டையே பிடிக்கவில்லை, புழுதியாக உதிர்கிறது, அல்லது தோண்டவே முடியவில்லை என்றால் மண் காய்ந்திருக்கிறது. நம் பக்கத்துச் செம்மண் ஏப்ரல், மே வெயிலில் செங்கல் மாதிரி இறுகிவிடும். எந்த 7 எச்.பி. வண்டியும் அதன்மேல் குதிக்கத்தான் செய்யும். தண்ணீர் கட்டிவிட்டு செம்மண்ணில் இரண்டு நாள், களிமண்ணில் நாலைந்து நாள் பொறுத்து மறுபடி உருண்டை பிடித்துப் பாருங்கள்.
- உருண்டை பிடிக்கிறது, அழுத்தினால் பொலபொலவென உடைகிறது என்றால் பதம் சரி. அடுத்த சோதனைக்கு வாருங்கள்.
- அழுத்தினால் பிசின் மாதிரி நீள்கிறது என்றால் ஈரம் அதிகம். அறிகுறி 4 பாருங்கள்.

*அடுத்து பின்கம்பி.* வண்டியின் பின்னால் மண்ணில் ஊன்றி வரும் கம்பி ஒன்று இருக்கும், கடையில் டெப்த் ராடு என்பார்கள். அதுதான் பிரேக், ஆழமும் அதுதான். கம்பி மேலே இருந்தால் வண்டியைப் பிடித்து நிறுத்த ஆள் இல்லை, கத்தியே சக்கரம் மாதிரி உருண்டு ஓடும். ஒரு துளை கீழே இறக்குங்கள். வண்டி ஓடும்போது கைப்பிடியை லேசாக அழுத்தினால் கம்பி மண்ணைக் கவ்வும், வேகம் குறையும், கத்தி இறங்கும். புதிதாக வாங்கியவர்கள் இதற்கு நேர் மாறாகச் செய்வார்கள். ஓடுகிறதே என்று கைப்பிடியைத் தூக்கிப் பிடித்து இழுப்பார்கள். தூக்கினால் இன்னும் வேகமாக ஓடும்.

*அடுத்து கியர்.* இறுகிய மண்ணில் முதல் உழவை சின்ன கியரில்தான் ஓட்ட வேண்டும். ஒரே ஓட்டில் ஒரு சாண் ஆழம் போக நினைக்காதீர்கள். முதல் தடவை மேலாக, இரண்டாவது தடவை குறுக்கே, அதில்தான் ஆழம் கிடைக்கும்.

*அடுத்து கத்தி.* எல் வடிவக் கத்தியின் கூரான விளிம்பு, வண்டி முன்னோக்கிப் போகும்போது மண்ணை முதலில் தொட வேண்டும். கத்திகள் பூட்டிய இடது உருளையை வலது பக்கமும் வலது உருளையை இடது பக்கமும் மாற்றிப் போட்டால் கத்தியின் முதுகுதான் மண்ணைத் தட்டும். நான் வாங்கியபோது கடையில் பூட்டிக் கொடுத்ததே அப்படித்தான். மூன்று நாள் வண்டியைத் திட்டினேன். நாலாவது நாள், மாட்டுக்குப் புல் அறுக்க வந்த அம்மா பார்த்துவிட்டு, "என்னப்பா, அரிவாளைத் திருப்பிப் புடிச்சி அறுக்குற மாதிரி இருக்கு" என்றார். உருளைகளை இடம் மாற்றினேன், அன்றைக்கே வண்டி இறங்கியது.

விளிம்பு சரியாக இருந்தும் இறங்கவில்லையா? தேய்மானம் பாருங்கள். புதுக் கத்தி ஒன்றைப் பக்கத்தில் வைத்து அளந்தால் தெரியும். மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தால் செட்டாக மாற்றுங்கள். ஒடுகத்தூர் பக்கத்துச் சரளையில் கத்தி சீக்கிரம் தேயும். பாலாற்றங்கரை மணல் கலந்த மண்ணிலும் தேயும், அங்கே உப்புக் காகிதம் போட்ட மாதிரி வழவழவென்று தேயும். பழைய லாரிப் பட்டையை வெட்டிக் கத்தி அடித்துத் தரும் பட்டறைகள் உண்டு. நான் ஒருமுறை போட்டுப் பார்த்தேன். எடை ஒன்றுக்கொன்று சமமில்லாமல் வண்டி உதறியது. பரிந்துரைக்க மாட்டேன்.

*மெக்கானிக் தேவையா?* இந்த அறிகுறிக்கு இல்லை.

2. ஒரே இடத்தில் குழி பறித்துப் புதைகிறது

மேலே சொன்னதற்கு நேர் எதிர். பின்கம்பி அதிகம் இறங்கியிருக்கிறது, ஒரு துளை மேலே ஏற்றுங்கள். புதைந்த வண்டியை ஆக்ஸிலேட்டர் கொடுத்து மீட்கப் பார்க்காதீர்கள், இன்னும் இறங்கும். கிளட்சை விட்டு, கைப்பிடியைத் தூக்கி, இடமும் வலமும் ஆட்டி வெளியே எடுங்கள். கம்பியை ஏற்றியும் புதைந்தால் மண் சேறாக இருக்கிறது என்று பொருள். அது பவர் வீடருக்கான வேலை இல்லை. கழனியில் சேறடிக்க கேஜ் வீல் (இரும்புக் கூண்டுச் சக்கரம்) போட்ட பவர் டில்லரோ டிராக்டரோதான் வேண்டும்.

3. ஒரு பக்கமாக இழுக்கிறது

இரண்டு பக்க உருளையிலும் கத்திகளை எண்ணுங்கள். ஒரு பக்கம் ஒரு கத்தி விழுந்திருந்தாலும் இழுக்கும். எண்ணிக்கை சரியென்றால், ஒரு பக்கம் புது செட், மறுபக்கம் பழைய செட் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் பின்கம்பி வளைந்திருக்கும். வரப்பை ஒட்டியோ சரிவிலோ மட்டும் இழுத்தால் அது கோளாறே இல்லை. ஒரு பக்க உருளை மட்டும் சுற்றாமல் இருந்தால் அறிகுறி 5.

4. மண் கட்டி கட்டியாக வருகிறது, அல்லது கத்தியில் அப்பிக்கொள்கிறது

அப்பிக்கொண்டால் ஈரம் அதிகம். நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போவதுதான் சரியான சிகிச்சை. ஈரத்தில் உழுத களிமண் காய்ந்த பிறகு கல்லாகும். அந்தக் கட்டியை உடைக்க அடுத்த மழை வரை காத்திருக்க வேண்டும். ஆள் கூலிக்கு வந்துவிட்டான், வண்டி வந்துவிட்டது என்று ஈரத்திலேயே உழுது ஒரு பட்டத்தையே கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு.

ஈரமில்லை, ஆனால் கட்டி பெரிதாக வருகிறதா? வண்டி வேகமாகப் போகிறது, கத்தி மெதுவாகச் சுற்றுகிறது என்று பொருள். சின்ன கியர் போட்டு ஆக்ஸிலேட்டரைக் கூட்டுங்கள். பின்னால் மண் தடுப்புத் தகடு இருக்கும் வண்டியில் அதைத் தாழ்த்தி வைத்தால், கட்டி அதில் மோதி உடையும்.

எதிர்ச் சிக்கலும் உண்டு: மாவு மாதிரி ஆக்கிவிடுவது. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஒரு மழை பெய்ததும் மேல் மண் ஏடு மாதிரி இறுகி, விதை முளைத்து வெளியே வர முடியாமல் போகும். விதைக்கிற நிலத்தில் கோலிக்குண்டு அளவுக் கட்டி இருந்தால் போதும்.

5. இன்ஜின் நன்றாக ஓடுகிறது, கத்தி சுற்றவில்லை

வரிசையாகப் பாருங்கள். நடுவில் எதையும் தாண்ட வேண்டாம்.

*புல் சுற்றியிருக்கிறதா?* அறுகு, கோரை, பழைய சொட்டுநீர்க் குழாய், சாக்கு நூல், மல்ச்சிங் ஷீட், எல்லாம் அச்சில் சுற்றிக்கொள்ளும். பிளக் கேப்பைக் கழற்றிவிட்டு அரிவாளால் அறுத்து எடுங்கள். அச்சு கியர் பாக்ஸுக்குள் நுழையும் இடத்தில் நூல் மாதிரி இறுகிக் கிடப்பதை விட்டுவிடாதீர்கள். ஆயில் சீலை அறுப்பது அதுதான். அறுகம்புல் மண்டிய நிலத்தில் அரை மணிக்கு ஒருமுறை நிறுத்திப் பார்ப்பது என் வழக்கம்.

*கிளட்ச் கேபிள்.* கைப்பிடி லீவரைப் பிடித்தால் மறுமுனையில் ஏதாவது அசைகிறதா? அசையவில்லை என்றால் கேபிள் அறுந்திருக்கும் அல்லது துருப்பிடித்து உறைக்குள் ஒட்டியிருக்கும். அசைகிறது, ஆனால் போதவில்லை என்றால் கேபிள் நீண்டிருக்கிறது. அட்ஜஸ்ட் நட்டைத் திருகி இறுக்குங்கள். லீவரில் துளி தளர்ச்சி மீதம் இருக்க வேண்டும். முழுக்க இறுக்கினால் கிளட்ச் எப்போதும் பாதி பிடித்தபடியே இருந்து எரிந்துவிடும்.

இனி வண்டி எந்த வகை என்பதைப் பொறுத்து வழி பிரிகிறது.

→ *பெல்ட் வண்டி:* மூடியைக் கழற்றிப் பெல்ட்டைப் பாருங்கள். பளபளவென்று கண்ணாடி மாதிரி மின்னினாலோ, வெடிப்பு இருந்தாலோ, ரப்பர் கருகிய வாடை வந்தாலோ பெல்ட் முடிந்தது. பழைய பெல்ட்டின் மேல் இருக்கும் எண்ணைப் பார்த்து அதே எண்ணில் வாங்குங்கள். நீளம் கொஞ்சம் மாறினாலும் பிடிக்காது. பெல்ட்டில் ஆயில் பட்டு வழுக்கினால், ஆயில் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் பெல்ட்டை மட்டும் மாற்றுவது வீண்.

→ *கியர் வண்டி:* பெரும்பாலான டீசல் வீடர்கள் இந்த வகை. உள்ளே தட்டுக் கிளட்ச் இருக்கும். கேபிள் சரியாக இருந்தும் பளு வந்ததும் கத்தி நின்று இன்ஜின் மட்டும் ஓடினால், தட்டு தேய்ந்திருக்கிறது. இது மெக்கானிக் வேலை.

பெல்ட்டோ கியரோ, பெட்ரோல் வண்டிக்குப் பொதுவான ஒரு சோதனை (டீசலில் பிளக் இல்லை, இழுத்தால் ஓடிவிடலாம், அதில் செய்ய வேண்டாம்): பிளக் கேப்பைக் கழற்றிவிட்டு, கியரில் போட்டு, கிளட்ச் பிடித்த நிலையில் ஒருவர் ஸ்டார்ட்டர் கயிற்றை மெல்ல இழுக்கட்டும். இன்னொருவர் தள்ளி நின்று, அசைவு எதுவரை வருகிறது என்று பார்க்கட்டும். புல்லி சுற்றுகிறது, பெல்ட் சுற்றவில்லை என்றால் தளர்ச்சி. பெல்ட் சுற்றுகிறது, அச்சு சுற்றவில்லை என்றால் கியர் பாக்ஸுக்குள் கோளாறு. அச்சு சுற்றுகிறது, கத்தி உருளை சுற்றவில்லை என்றால் உருளையைப் பிடித்திருக்கும் பின்னோ போல்ட்டோ அறுந்திருக்கிறது.

அந்தப் பின் அறுந்ததற்காக வருத்தப்படாதீர்கள். கல்லில் மோதியபோது கியருக்குப் பதிலாக அது உயிரைக் கொடுத்திருக்கிறது. அவசரத்துக்கு அந்த இடத்தில் கான்கிரீட் ஆணியோ, கைக்குக் கிடைத்த கெட்டியான போல்ட்டோ போட்டு ஓட்டுவதுதான் தப்பு. அடுத்த கல்லில் அறுவது கியர் பல்லாக இருக்கும். இரண்டு உபரிப் பின்களை டூல் பையில் போட்டு வையுங்கள்.

*மெக்கானிக்கைக் கூப்பிடும் இடம்:* அச்சு சுற்றவில்லை, கியர் போடும்போது கரகரவென்று அரைக்கிறது, கியர் தானாக நழுவுகிறது. கியர் பாக்ஸை வீட்டில் திறக்காதீர்கள். திறந்து மூடியதில் ஒரு வாஷர் மிச்சமாகி நின்றவன் நான்.

6. ஸ்டார்ட் ஆகவில்லை

முதலில் வெட்கப்பட வைக்கும் சோதனைகள்: சுவிட்ச் ஆனில் இருக்கிறதா? பெட்ரோல் குழாய் திறந்திருக்கிறதா? டாங்கில் பெட்ரோல் இருக்கிறதா, எத்தனை மாதத்துப் பெட்ரோல்? ஆயில் அளவு சரியா? ஆயில் குறைந்தால் இன்ஜினை ஸ்டார்ட் ஆகவே விடாத சென்சார் பல வண்டிகளில் உண்டு. சரிவில் நிறுத்தியிருந்தாலும் அது ஆயில் இல்லை என்று நினைத்துக்கொள்ளும். வண்டியைச் சமதரையில் வைத்துப் பாருங்கள்.

ஒரு கேள்வி இங்கே முக்கியம். உங்களுடையது டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா? புல் வெட்டும் மெஷினில் கத்தியை மாற்றிக் கிளறும் சின்ன வகை பெரும்பாலும் டூ ஸ்ட்ரோக். அதற்குப் பெட்ரோலில் 2டி ஆயில் கலக்க வேண்டும். கலக்காமல் ஓட்டினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், அதோடு கதை முடிந்தது. ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு ஆயில் தனியாக ஊற்ற வேண்டும், பெட்ரோலில் கலக்கக் கூடாது.

*பெட்ரோல் வண்டி.* பிளக்கைக் கழற்றி முனையைப் பாருங்கள்.

→ *நனைந்திருக்கிறது:* பெட்ரோல் அதிகம் போயிருக்கிறது. சூடான இன்ஜினுக்கும் சோக் போட்டு இழுத்தால் இப்படி ஆகும். பிளக்கைத் துடைத்துக் காயவையுங்கள். பெட்ரோல் குழாயை மூடி, சோக்கைத் திறந்து, பிளக் இல்லாமல் ஐந்தாறு முறை கயிறு இழுத்துவிட்டுப் பிளக்கை மாட்டி முயலுங்கள். அப்போது பிளக் துளைக்கு நேராக முகத்தைக் காட்ட வேண்டாம், பக்கத்தில் பீடியும் வேண்டாம்.

→ *காய்ந்திருக்கிறது:* பெட்ரோல் வரவில்லை. கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் இருக்கும் சின்ன போல்ட்டைத் தளர்த்துங்கள். பெட்ரோல் சொட்டவில்லை என்றால் டாங்க் வடிகட்டியிலோ குழாயிலோ அடைப்பு. தண்ணீர்த் துளிகள், பழுப்பு நீர், வார்னிஷ் வாடை வந்தால் பழைய பெட்ரோல். இப்போது பங்கில் கிடைப்பது எத்தனால் கலந்த பெட்ரோல், அது ஈரத்தை இழுக்கும். ஒரு பட்டம் முழுக்கச் சும்மா நிற்கப் போகும் வண்டியில் டாங்கையும் கார்புரேட்டரையும் காலி செய்துவிட்டு நிறுத்துங்கள். ஜெட் (உள்ளே பெட்ரோல் போகும் நுண்துளை) அடைத்திருந்தால் கார்புரேட்டர் கிளீனரால் பீய்ச்சலாம். கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகும்.

→ *கருப்பாகக் கரி படிந்திருக்கிறது:* பிரஷ் போட்டுத் தேய்த்து, இடைவெளியை 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர் வைத்து மாட்டுங்கள். ஏர் ஃபில்டரையும் பாருங்கள்.

தீப்பொறி வருகிறதா என்று பார்க்க, சிந்திய பெட்ரோலைத் துடைத்துக் காயவிட்ட பிறகு, பிளக்கைக் கேப்பில் மாட்டி, ரப்பர் பிடி போட்ட குறடால் பிடித்து, அதன் உலோக உடலைப் பிளக் துளைக்குத் தள்ளி இன்ஜினில் தொட வைத்துக் கயிறு இழுங்கள். நீலப் பொறி வரவில்லையா? புதுப் பிளக் போட்டு மறுபடி பாருங்கள். அதுவும் இல்லையென்றால் ஒயரைத் தடவிக்கொண்டே போங்கள். மோட்டார் கொட்டகையில் நிறுத்தும் வண்டிகளில் எலி கடித்த ஒயரை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஒயரும் சரி என்றால் கோளாறு இக்னிஷன் காயிலில் இருக்கும், அதை மெக்கானிக் பார்க்கட்டும்.

பொறி வருகிறது, பெட்ரோல் வருகிறது, ஆனாலும் ஸ்டார்ட் ஆகவில்லையா? சைலன்சர் வாயைப் பாருங்கள். இரண்டு மாதம் நிற்கும் வண்டியில் குளவி மண் கூடு கட்டிவிடும். கே.வி.குப்பத்தில் ஒருவர் கார்புரேட்டரையே புதிதாக வாங்கி மாட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டார். சைலன்சருக்குள் ஒரு குச்சி விட்டேன், ஒரு கைப்பிடி மண் கொட்டியது.

*டீசல் வண்டி.* டாங்க் ஒருமுறை காலியானால் குழாயில் காற்று அடைத்துக்கொள்ளும். டீசல் நிரப்பி, பம்புக்கு வரும் குழாயின் நட்டைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் டீசல் வரும்வரை விட்டு இறுக்குங்கள். பிறகு டீகம்ப்ரஷன் லீவரை (இன்ஜின் லேசாகச் சுற்ற உதவும் லீவர்) தூக்கிச் சில முறை சுற்றுங்கள். இன்ஜெக்டர் பக்கத்தில் பீய்ச்சும் டீசல் தோலையே துளைக்கும், விரல் வைத்துப் பார்க்க வேண்டாம். டீசலில் தண்ணீர் இருக்கிறதா என்று அறிய, கொஞ்சம் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து அரை மணி நேரம் வைத்தால் அடியில் பிரிந்து நிற்கும். இதற்குமேல் பம்பு, நாசில் எல்லாம் டீசல் பம்ப் கடை வேலை.

7. பத்துப் பதினைந்து நிமிடம் ஓடி நிற்கிறது, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஓடுகிறது

நின்ற உடனே பெட்ரோல் டாங்க் மூடியைத் திறங்கள். "புஸ்" என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டு, உடனே ஸ்டார்ட் ஆனால், மூடியில் இருக்கும் காற்றுத் துளை புழுதியால் அடைந்திருக்கிறது. ஊசியால் சுத்தம் செய்தால் போதும். இதற்காக ஒரு வண்டி மூன்று கடை ஏறி இறங்கியது எனக்குத் தெரியும்.

மூடியைத் திறந்தும் ஓடவில்லை என்றால் சூடு. இன்ஜின் தலையைச் சுற்றியுள்ள வரித் தகடுகளில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலைக் கொடித் தூசியும் காய்ந்த புல்லும் அடைத்திருக்கும். ஆறிய பிறகு பிரஷ்ஷால் எடுங்கள். சூடான இன்ஜினில் தண்ணீர் அடிக்காதீர்கள், விரிசல் விழலாம். கத்திரி வெயிலில் வேலூரில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் சகஜம். காற்றால் குளிரும் இன்ஜின் அந்த மதியத்தில் என்ன செய்யும்? காலை ஆறிலிருந்து பத்து, மாலை நாலுக்கு மேல், அதுதான் நேரம்.

சுத்தமாக இருந்தும், ஆயில் சரியாக இருந்தும் சூடேறினால் வால்வு இடைவெளி பார்க்க வேண்டும். மெக்கானிக்கிடம் போங்கள்.

8. புகை

கருப்புப் புகை: சோக் பாதி மூடியிருக்கிறது அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது. செம்மண் புழுதியில் ஓட்டினால் அன்றன்றே பார்க்க வேண்டும். பஞ்சு ஃபில்டரைச் சோப்புத் தண்ணீரில் கசக்கி, நிழலில் காயவைத்து, சில துளி ஆயில் விட்டுப் பிழிந்து மாட்டுங்கள். கிண்ணத்தில் ஆயில் இருக்கும் வகை என்றால் அழுக்கு ஆயிலைக் கொட்டிக் கோடு வரை புதிது ஊற்றுங்கள். ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஓட்டினால் இழுவை நன்றாக இருக்கிறது என்று ஒருவர் ஒரு பட்டம் ஓட்டினார். அடுத்த பட்டத்தில் ரிங், பிஸ்டன், சிலிண்டர் எல்லாம் மாற்றினார்.

நீலப் புகை: ஆயில் எரிகிறது. வண்டியை டெம்போவில் படுக்க வைத்துக் கொண்டுவந்தீர்களா? ஆயில் அதிகம் ஊற்றினீர்களா? அப்படியென்றால் அளவைச் சரி செய்து, ஃபில்டரைத் துடைத்து, பத்து நிமிடம் ஓட்டினால் நின்றுவிடும். நிற்கவே இல்லை, தினமும் ஆயில் குறைகிறது என்றால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கும். செலவுக் கணக்கு இங்கேதான் பெரிதாகும்.

ஆயில் பற்றி ஒரு சொல்: புது வண்டியில் முதல் 20 மணி நேரத்தில் மாற்றிவிடுங்கள். பிறகு கையேட்டில் 100 மணி என்று போட்டிருந்தாலும், நம் புழுதிக்கு 50 மணியில் மாற்றுவது என் பழக்கம்.

9. கியர் பாக்ஸில் ஆயில் கசிவு, சத்தம்

அச்சின் ஓரத்தில் கசிந்தால் சீல் போயிருக்கிறது. சுற்றிய நூலை எடுத்துவிட்டு, சீலை மாற்றச் சொல்லுங்கள். ஆயில் ஊற்றி ஊற்றி ஓட்டினால் ஆயில் வெளியே போகிற வழியில் மண் உள்ளே வரும். அளவுக் குச்சியில் ஆயில் பால் கலந்த டீ மாதிரி தெரிந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டபோது முழுகிய ஒரு வண்டியில் அப்படி இருந்தது. உடனே வடித்து, கொஞ்சம் டீசல் விட்டுக் கழுவி, புது கியர் ஆயிலை இரண்டு முறை மாற்றியதில் பிழைத்தது. அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தால் பேரிங் துருப்பிடித்திருக்கும்.

10. உழுதாகிவிட்டது, ஆனால் மழைத் தண்ணீர் இறங்காமல் நிற்கிறது

இது இயந்திரத்தின் அறிகுறி இல்லை, நிலத்தின் அறிகுறி. ஒரு கூர்க்கம்பியை ஈர மண்ணில் குத்துங்கள். ஒரு சாண் வரை வெண்ணெய் மாதிரி இறங்கி, அப்புறம் டங்கென்று நின்றால் அடியில் மண் தட்டு இறுகியிருக்கிறது. வருடா வருடம் ரோட்டவேட்டரை (டிராக்டரில் பூட்டும் சுழல் கலப்பை) ஒரே ஆழத்தில் விட்டால் இது வரும். பவர் வீடரால் இதை உடைக்க முடியாது, ஐந்து கொத்துக் கலப்பையாலும் முடியாது. டிராக்டரில் உளிக்கலப்பை போட்டு, அரை மீட்டர் இடைவெளியில் நெடுக்காக ஒருமுறை, குறுக்காக ஒருமுறை, இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு தடவை ஓட்டினால் போதும். கூடவே ஏக்கருக்கு ஐந்து டன் தொழு உரம். உளிக்கலப்பையைக் காசு போட்டு வாங்க வேண்டாம். வேளாண்மைப் பொறியியல் துறையில் உழவன் செயலி வழியாக வாடகைக்குப் பதிவு செய்யலாம். மண்ணே புரியவில்லை என்றால் விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள்.

11. எல்லாம் பார்த்தாயிற்று, எதிலும் தப்பில்லை, ஆனாலும் வேலை ஆகவில்லை

அப்படியென்றால் வண்டியைத் தேர்ந்தெடுத்ததில்தான் தப்பு.

- காட்பாடியில் வீட்டுக்குப் பின்னால் இரண்டு சென்ட் தோட்டம், கீரையும் வெண்டையும்: இரண்டு எச்.பி. சின்ன வண்டி போதும். ஆனால் முதல் தடவை கடப்பாரையால் மண்ணைத் திறந்துகொடுக்க வேண்டும். புல் வெட்டும் மெஷினில் மாட்டும் கிளறி ஏற்கெனவே இளகிய மண்ணுக்கு மட்டும்.
- இலவம்பாடி முள் கத்தரி, மிளகாய், வாழை, கரும்பு: 5 முதல் 7 எச்.பி. வண்டி வாங்குவதற்கு முன்னால் வரிசை இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். கத்தி அகலம் இடைவெளியை விட இரு பக்கமும் நாலு விரல் குறைவாக இருக்க வேண்டும். வெளிக் கத்திகளைக் கழற்றி அகலத்தைக் குறைக்க முடியும் வண்டி நல்லது.
- மல்லாட்டை: ஒரு அடி வரிசைக்குள் பவர் வீடர் நுழையாது. கையால் தள்ளும் சக்கரக் களைக் கருவிதான். 45 நாளில் மண் அணைத்த பிறகு எதையும் விடாதீர்கள், மண்ணுக்குள் இறங்கும் விழுது அறுந்தால் காய் இல்லை.
- குடியாத்தம், பேர்ணாம்பட்டு மாந்தோப்பு: ஆழம் வேண்டாம். மரத்தின் நிழல் வட்டத்துக்குள் மேலாக மட்டும் கிளறுங்கள், வேர் அங்கேதான் மேலே இருக்கிறது.
- இரண்டு ஏக்கருக்கு மேல், இறுகிய சரளை: வீடர் வாங்கி உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். முதல் உழவுக்கு டிராக்டர் வாடகை, இடையுழவுக்கு மட்டும் வீடர்.

வாங்கும்போது கடையில் ஓட்டிக் காட்டுவதை நம்பாதீர்கள், கடை வாசலில் சிமெண்ட் தரையில் எல்லா வண்டியும் நன்றாகத்தான் சுற்றும். அதே மாடல் வைத்திருப்பவரின் கொல்லைக்குப் போய், ஒரு சால் நீங்களே ஓட்டிப் பாருங்கள். பெல்ட், கத்தி, கேபிள் மூன்றும் வேலூரிலேயோ குடியாத்தத்திலேயோ அன்றைக்கே கிடைக்குமா என்று கடையில் கேளுங்கள். "ஆர்டர் போட்டு வாங்கித் தரேன் சார்" என்றால் அடுத்த கடைக்குப் போங்கள். மானியத்தில் வாங்குவதாக இருந்தால் பணம் கட்டும் முன்னாலேயே உழவன் செயலியில் பதிந்து ஒப்புதல் வாங்குங்கள்.